பெரியம்மாவின் கல்வெட்டில் நாலாம் பக்கம்

பெரியம்மாவின் முப்பத்தொராம் நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. கல்வெட்டு (செத்தவரின் நினைவுக்கு அடிக்கிற சின்னப் புத்தகம்) அடிக்கிற வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற மச்சான்மாருக்குக் கல்வெட்டு என்ற சொல் பழசாய்ப் போய்விட்டதாம், ‘நினைவு மலர்’ என்று போடச் சொன்னார்கள். சரி, போடுவோம். அட்டைப்படம் முடிந்தது, வாழ்க்கைக் குறிப்பு முடிந்தது, நன்றி நவிலலில் பெயர்களும் ஒருவாறு ஒழுங்காகிவிட்டன. நாலாம் பக்கத்தில் ‘எங்கள் பிதாவே’ செபம் போட வேண்டும். அதில்தான் ஒரு கிழமையாய் இழுபடுகிறேன்.

செத்தவீட்டில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில், கிறீன் ஆசுப்பத்திரிக்குக் கிட்ட, பெரியம்மா பிறந்து வளர்ந்த அதே வளவு. ஐயர் வந்து ஆராதனையைத் தொடங்கினார். (தென்னிந்திய திருச்சபைப் போதகரை எங்கள் வீட்டில் இன்னமும் ஐயர் என்றுதான் சொல்கிறோம். பக்கத்து வீட்டுச் சைவப் பிள்ளைகளுக்கு இது பெரிய பகிடி.) பந்தலின் ஒரு பக்கம் எங்கள் ஆட்கள். மற்றப் பக்கம் குருநகரிலிருந்து வான் பிடித்து வந்த என் புகுந்த வீட்டார், எல்லாரும் கத்தோலிக்கர். பின்கதிரைகளில் அயலட்டை. தலைமாட்டில் கனடாவிலிருந்து வந்த பெரியம்மாவின் மகள், அவள் இப்போது பெந்தெகொஸ்தே சபை.

“கர்த்தர் கற்பித்த செபத்தை எல்லாரும் சேர்ந்து சொல்லுவம்” என்றார் ஐயர்.

‘எங்கள் பிதாவே’ வரைக்கும் ஏறக்குறைய ஒரே குரல். அடுத்த வரியில் நாங்கள் ‘பரிசுத்தப்படுவதாக’ என்றோம், மாமி ‘அர்ச்சிக்கப்படுவதாக’ என்றார். பந்தலுக்குள் ஒரு சின்னத் தடுமாற்றம். பிறகு எங்களுக்கு ஆகாரம், அவர்களுக்கு அனுதின உணவு. நாங்கள் கடனாளிகளை மன்னித்துக்கொண்டிருந்த நேரம் அவர்கள் தீமை செய்தவர்களைப் பொறுத்துக்கொண்டிருந்தார்கள். ‘இரட்சித்தருளும், ஆமென்’ என்று மாமி நெற்றியில் சிலுவை போட்டு, சேலைத் தலைப்பை இழுத்து விட்டு, முடிந்தது என்று நிமிர்ந்தபோது நாங்கள் ‘ராஜ்யமும், வல்லமையும், மகிமையும்’ என்று போய்க்கொண்டிருந்தோம்.

வானில் திரும்பி வரும்போது மாமி கேட்டார்: “பிள்ளை, உங்கட ஆக்கள் செபம் முடிஞ்சாப் பிறகும் என்ன சொல்லிக்கொண்டு நிக்கினம்?”

“மாமி, உங்கட பூசையிலயும் அது வருதுதானே.”

“அது சுவாமி இடையில ஒண்டு சொன்னாப் பிறகெல்லோ வரும்.”

அவர் சொன்னது சரி. பூசையில் குருவானவர் இடையில் ஒரு மன்றாட்டைச் சொன்ன பிறகுதான் ஆட்சியும் வல்லமையும் வரும். எங்கள் பைபிளில் மத்தேயு 6:13இலேயே அந்த வரி ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் அது இல்லை, லூக்கா எழுதியதிலும் இல்லை. ஆக மாமியின் ஆட்கள் முன்கூட்டியே நிறுத்திவிடுகிறவர்களும் இல்லை, நாங்கள் நீட்டி இழுக்கிறவர்களும் இல்லை. இதை வானுக்குள் வைத்து விளங்கப்படுத்த எனக்குத் தைரியம் வரவில்லை. மாமிக்கு எண்பத்தொரு வயது, அன்றைக்கு வெயிலும் சரியான வெயில்.

அந்தக் கடனாளிகள் வரியை வெட்டினால் பெரியம்மா என்னைக் கனவில் வந்து ஏசுவார். பெரியம்மா சீட்டுப் பிடித்தவர். சீட்டை எடுத்துவிட்டுக் கட்டாமல் போனவர்கள் இரண்டு மூன்று பேர் எங்கள் கோயிலிலேயே இருந்தார்கள். ஞாயிறு ஆராதனையில் ‘எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல’ என்ற இடம் வரும்போது பெரியம்மாவின் குரல் மட்டும் ஒரு படி உயரும், கண் எதிர் வாங்குப் பக்கம் போகும். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. ஒரு சதமும் திருப்பிக் கேட்கவில்லை என்பது தெரியும். ‘பாவங்களைப் பொறுத்தருளும்’ என்று போட்டால் இந்தக் கதை எங்கே போவது?

வெளியூர் ஆட்களுக்கு இவ்வளவு சின்ன இடத்தில் இத்தனை சபைகள் என்றால் ஆச்சரியம். வெஸ்லியன்காரர் (மெதடிஸ்தர்) 1814இல் இலங்கைக்கு வந்தார்கள், அமெரிக்க மிசன்காரர் 1816இல் தெல்லிப்பழையில் தொடங்கினார்கள், இரண்டு வருசத்தில் சி.எம்.எஸ். என்கிற அங்கிலிக்கன் மிசன் நல்லூருக்கு வந்தது. பட்டினப் பக்கம் மெதடிஸ்த, நல்லூர் சுண்டுக்குளி அங்கிலிக்கன், வட்டுக்கோட்டை உடுவில் மானிப்பாய் பண்டத்தரிப்பு அமெரிக்கன். அமெரிக்கன் மிசன்தான் 1947இல் தென்னிந்திய திருச்சபைக்குள் போய் யாழ்ப்பாண ஆதீனம் (மறைமாவட்டம்) ஆனது. ஆகவே எந்த ஊர் என்று சொன்னால் எந்தப் பாட்டுப் புத்தகம் என்று சொல்லிவிடலாம். கத்தோலிக்கர் இவர்களுக்கெல்லாம் முந்தியவர்கள். ஒல்லாந்தர் தடைசெய்திருந்த காலத்திலேயே யோசேப்வாஸ் அடிகள் 1687இல் ஏழையின் வேசத்தில் யாழ்ப்பாணம் வந்து, சில்லாலையில் ஒளித்திருந்து பூசை வைத்தவர். 2015இல் அவர் புனிதரானபோது மாமி தொலைக்காட்சிக்கு முன்னால் முழந்தாளில் இருந்ததைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, எங்கள் மிசன் வரலாறு நான் நினைத்த அளவுக்கு ஒன்றும் பழசில்லை.

சொற்களிலும் இந்த மண்ணின் கை இருக்கிறது. பேர்சிவல் பாதிரியார் இங்கே பைபிளைத் திருப்பி எழுதியபோது கூட இருந்து தமிழைத் திருத்தியவர் ஆறுமுக நாவலர். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் வந்தது, ஆனால் நிலைக்கவில்லை. பிறகு 1871இல் தமிழ்நாட்டில் முடிந்த மொழிபெயர்ப்புத்தான் எங்கள் வீட்டு மேசையில் இன்றைக்கும் இருக்கிறது. நாவலர் சைவத்துக்கு என்ன செய்தார் என்பது ஊருக்கே தெரியும், எங்களுடைய பைபிளில் கை வைத்தது பாதிப் பேருக்குத் தெரியாது. எங்கள் ஆட்களும் அதைப் பெரிதாய்ச் சொல்லிக்கொள்வதில்லை. ஏனோ.

எனக்கு மரியே செபம் பாடமானது கலியாணத்தால் அல்ல. சண்டையால் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் முப்பதாம் திகதி எல்லாரோடும் நாங்களும் வீட்டைப் பூட்டிவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தோம். ஒதுங்கக் கிடைத்தது ஒரு கத்தோலிக்கக் கோயில் மண்டபம். பின்னேரம் ஆறரை மணிக்குச் செபமாலை. எனக்குப் பதினேழு வயது, வாயை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தேன். மாதாவிடம் மன்றாடுவது பாவம் என்று ஞாயிறு பாடசாலையில் யாரோ சொல்லித் தந்திருந்தார்கள். மூன்றாம் நாள் பெரியம்மா தன் பைபிளைத் திறந்து லூக்கா முதலாம் அதிகாரத்தைக் காட்டினார். ‘கிருபை பெற்றவளே, வாழ்க, கர்த்தர் உன்னுடனே இருக்கிறார்’ என்கிறான் தேவதூதன். கொஞ்சம் கீழே எலிசபெத்து, ‘ஸ்திரீகளுக்குள்ளே நீ ஆசீர்வதிக்கப்பட்டவள்’ என்கிறாள். “முதல் பாதி எங்கட புத்தகத்தில இருக்கு. அதைச் சொல்லு. மற்றப் பாதியை அவை சொல்லட்டும், நாங்கள் பேசாமல் இருப்பம்.”

அப்படியே செய்தோம். அன்றிலிருந்து நான் அரை மரியே சொல்கிறவள். இப்போதும் மாமியோடு செபமாலைக்கு இருந்தால் பாதியில் நிறுத்துகிறேன், அவரும் இருபது வருசமாய் ஒன்றும் கேட்கவில்லை. மாமி சொல்வது பழைய பாடம், ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க’. என் மகளுக்குக் கோயிலில் சொல்லிக் கொடுத்தது ‘அருள் நிறைந்த மரியே’. எங்கள் பைபிளில் கிருபை. பிரியதத்தம், கிருபை, அருள். ஒரே வீட்டுக்குள் மூன்று தலைமுறைக்கு மூன்று சொல்.

மண்டபத்தில் எல்லாரும் ஒன்றாய்ப் போய்விட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சமைக்கிற இடத்துக்கும் சண்டை, சுருவத்துக்கு முன்னால் செருப்புக் கழற்றுவதற்கும் சண்டை. தன் சாமான் மூட்டைக்குள் பிடியரிசி முட்டியைக் கட்டிக்கொண்டு வந்த ஒரே ஆள் பெரியம்மா. ஒவ்வொரு உலைக்கும் ஒரு பிடியை எடுத்து முட்டியில் போடுவது மிசன் பெண்களின் வழக்கம், சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொடுப்பது. நிவாரண அரிசியிலும் பிடி எடுத்தார். “எந்தக் கோயிலுக்கு?” என்று அம்மா சினந்தார். “இருக்கிற கோயிலுக்கு” என்றார் பெரியம்மா. மூன்றாம் கிழமை அந்த அரிசி சுவாமியின் குசினிக்குப் போனது.

சொல் வேறுபாடு சிரிக்கக்கூடியது. நற்கருணைப் பந்தி வேறுபாட்டில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

என் கலியாணத்துக்கு ஆயரின் அனுமதி எடுத்தோம். பிள்ளைகளைக் கத்தோலிக்கராய் வளர்க்கத் தன்னால் முடிந்ததைச் செய்வதாக என் கணவர் வாக்குக் கொடுத்தார், நானும் தெரிந்துதான் சம்மதித்தேன். என் ஞானஸ்நானத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், திரும்ப முழுக்கவில்லை. (பெரியம்மாவின் கனடா மகள் நாற்பது வயதில் திரும்ப முழுகினாள். “நான் வைச்ச பேர் அந்தத் தண்ணியோட போயிட்டுதோ?” என்று பெரியம்மா தொலைபேசியில் கேட்டார், அதற்குப் பிறகு இரண்டு மாதம் கதை இல்லை.) எல்லாம் சுமுகம். மகளின் முதல் நன்மை (முதன்முதலாய் நற்கருணை வாங்குகிற நாள்) வரும் வரைக்கும்.

வெள்ளைச் சட்டையும் தலையில் பூமுடியுமாய் அவள் போகிறாள். வாங்கு வாங்காய் எழும்பிப் போகிறார்கள். அவர், மாமி, மச்சாள், மச்சாளின் ஏழு வயதுப் பொடியன். நான் முழங்காலை ஒதுக்கி அவர்களுக்கு வழி விடுகிறேன். முழு வாங்கிலும் நான் மட்டும். என் பிள்ளைக்குச் சட்டை தைத்தவள் நான், முடி பின்னியவள் நான், செபங்களைப் பாடமாக்க வைத்தவளும் நான்தான். என்னைப்போல மற்றச் சபையாருக்கு அங்கே நற்கருணை இல்லை என்ற சட்டம் எனக்கு விளங்காமல் இல்லை, அதில் யாரையும் குறைசொல்லவும் இல்லை. ஆனால் அந்தப் பத்து நிமிசம் வாங்கின் மரக்கணுவை எண்ணிக்கொண்டிருந்தேன். பெரியம்மா அன்று பின்வரிசையில் இருந்தார். எப்போது எழும்பி வந்தார் என்று தெரியாது, பக்கத்தில் வந்து இருந்து கைப்பையைத் திறந்து ஒரு தோடம்பழ இனிப்பை என் கையில் வைத்தார். ஆராதனை நேரத்தில் இனிப்புச் சாப்பிட்டதற்கு எனக்குச் சின்ன வயதில் காதைத் திருகிய அதே பெரியம்மா.

இனி நாலாம் பக்கம். லண்டன் மச்சான் வைபரில் ஒரு தீர்ப்புச் சொன்னார்: “இரண்டு பகுதியும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு இருக்கெல்லோ, அதைப் போடு. ஒருத்தருக்கும் மனத்தாங்கல் இல்லை.” 1995இல் வந்த திருவிவிலியத்தைச் சொல்கிறார். நல்ல தமிழ், எனக்கும் பிடித்தது, ‘விண்ணுலகிலிருக்கிற எங்கள் தந்தையே, உமது பெயர் தூயதெனப் போற்றப்பெறுக’. ஆனால் மானிப்பாய்ப் பந்தலுக்குள் அதைப் பார்க்காமல் சொல்ல ஒருவரும் இல்லை. மாமிக்கு அந்த எழுத்தளவு தெரியாது. எங்கள் வயதுபோன ஆட்கள் கண்ணாடி தேடுவார்கள். இரண்டு பகுதியும் சமமாய்த் தடுக்கி விழுகிற ஏற்பாடாய் அது முடியும்.

மகளைக் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கத்தோலிக்கம் பாடம், அவளுடைய சிநேகிதிக்குக் கிறிஸ்தவம் பாடம். இரண்டும் வேறு வேறு புத்தகம், சோதனையில் வேறு வேறு தாள். “இரண்டையும் பக்கத்தில பக்கத்தில போடுங்கோ அம்மா” என்றாள். போட்டுப் பார்த்தோம், இடம் காணாது, எழுத்தைச் சின்னதாக்க வேண்டும். அதோடு பார்க்க வினாத்தாள் மாதிரி இருந்தது, ‘வேறுபாடுகளை எழுதுக’ என்று கீழே போடாத குறை.

கடைசியில் செபத்தையே போடாமல், ‘எல்லோரும் சேர்ந்து: எங்கள் பிதாவே’ என்று ஒரு வரி மட்டும் நடுவில் போட்டு அனுப்பினேன். அவரவர் வாயில் வருவதை அவரவர் சொல்லட்டும். மாமி முடித்த பிறகும் நாங்கள் கொஞ்சம் சொல்லிக்கொண்டு நிற்போம், அவர் அதையும் பார்த்துக்கொண்டு இருப்பார்.

இன்றைக்குக் காலையில் அச்சகத்துத் தம்பி தொலைபேசி எடுத்தான். “அக்கா, நாலாம் பக்கத்தில ஒரு வரிதான் வந்திருக்கு. மிச்சம் விடுபட்டுப் போச்சோ?”

“இல்லைத் தம்பி, அவ்வளவுதான்.”

“பக்கம் வெறுமையாக் கிடக்கு அக்கா. ரோசாப்பூப் படம் ஒண்டு போட்டு விடட்டே?”

ரோசாப்பூ வேண்டாம் என்றிருக்கிறேன். பிடியரிசி முட்டி இன்னும் பெரியம்மாவின் குசினி மூலையில் இருக்கிறது. பின்னேரம் போய் ஒரு படம் எடுக்க வேண்டும், வெளிச்சம் போக முன்னம்.