பாக்கி இல்லை என்று ஒரு தாள்

போன வருடம் எங்கள் மன்றத்தின் செயலாளர் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். பாளையங்கோட்டைப் பக்கம் இருக்கும் பழைய மனமகிழ் மன்றம், நாலு சீட்டு மேசை, ஒரு டென்னிஸ் கோர்ட், உறுப்பினர்களுக்கு மட்டும் மது பரிமாற எஃப்.எல்.2 உரிமம். அதைப் புதுப்பிக்க என்னென்ன தாள் வேண்டும் என்று கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் கலால் பிரிவில் எழுதிக் கொடுத்ததில், வணிகவரித் துறையிடமிருந்து நிலுவை இல்லாச் சான்று என்று ஒரு வரி இருந்தது. அதற்கு நான் பயப்படவே இல்லை. மாதம் தவறாமல் ஜிஎஸ்டி கட்டுகிறோமே என்று ரிட்டர்ன்களை எல்லாம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வணிகவரி ஆபீஸுக்குப் போனேன்.

அங்கே இருந்த அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது உங்க சாப்பாட்டுக் கணக்கு. பாட்டிலுக்கு வாட்தானே?" என்றார்.

விஷயம் அதுதான். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது குடிக்கிற மதுவை அதற்குள் சேர்க்கவில்லை, அதற்கு இன்றைக்கும் மாநிலத்தின் வாட், அதாவது மதிப்புக்கூட்டு வரிதான். ஆகவே எங்களுக்கு இரண்டு எண்கள்: பதினைந்து இலக்க ஜிஎஸ்டி எண், வாட்டுக்கான பதினோரு இலக்கப் பழைய பதிவு எண், டின். இரண்டும் 33 என்றே தொடங்குவதால் நான் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

டின்னைத் தட்டிப் பார்த்தால் 2011-12 கணக்கில் 18,640 ரூபாய் பாக்கி. வட்டி தனி. உரிமம் முடிய ஆறு வாரம். கட்டித் தொலைத்துவிடலாம் என்று கமிட்டியில் சிலர் சொன்னார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தக் காலத்தில் கணக்கு எழுதிய அண்ணாச்சி இப்போது கல்லிடைக்குறிச்சியில் மகள் வீட்டில் இருக்கிறார். போன் போட்டால், "கட்டியாச்சே! நானே பேங்குக்குப் போய்க் கட்டினேன், நீங்க வாங்க" என்றார்.

அவருடைய டிரங்குப் பெட்டியில் வருடவாரியாக டேக் போட்டுக் கட்டிய கட்டுகள். ஒரு மணி நேரம் தேடி எடுத்தோம். சலான் மங்கிப்போயிருந்தது, ஆனால் வங்கி முத்திரையும் தேதியும் தெளிவு. தொகையும் சரி. அப்புறம் ஏன் பாக்கி? கண் ஆபரேஷன் செய்துகொண்ட அண்ணாச்சி, லென்ஸை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்து, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. டின்னின் கடைசி இரண்டு இலக்கம் 47. சலானில் 74 என்று இருந்தது. அவர் கையெழுத்துதான்.

பணம் யார் கணக்கிலோ பதினான்கு வருடமாகக் கிடந்திருக்கிறது. ஆபீஸைத் திட்டத் தயாராக வந்த நான் வாயை மூடிக்கொண்டேன். சலான் நகல், மன்றத்தின் வங்கிக் கணக்குப் பக்கம், தவறு எங்களுடையது என்று ஒரு மனு, மூன்றையும் கொடுத்தோம். கருவூலத்தில் சரிபார்த்துத் திருத்த பதினெட்டு நாள் ஆனது. நடுவில் மூன்று தடவை போய் நின்றேன்.

இதை எழுதுவதே மற்ற மன்றக்காரர்களுக்காகத்தான்: உரிமம் முடிய நாலைந்து மாதம் இருக்கும்போதே வாட் பக்கம் போய், பழைய வருடங்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சொத்து வரி, பாதாளச் சாக்கடைக் கட்டணம் எல்லாம் மாநகராட்சியில் ஒரே நாளில் முடிந்தது, அதில் சொல்ல ஒன்றுமில்லை.

சான்று கைக்கு வந்ததும் முதலில் அண்ணாச்சிக்குத்தான் போன் செய்தேன். "நம்பர் சரியா இருக்கா, பாத்தீங்களா?" என்று கேட்டார்.