கரைக்கு வரும் பணம், வாய்க்காலுக்கு வராத பணம்

கும்பகோணத்தில் பொதுப்பணிகளுக்கென்று தனியாக ஒரு நாட்காட்டி இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மகாமகத்தை ஒட்டியே சாலைகள் அகலமாகும், படித்துறைகள் சீராகும், குளங்கள் தூர்வாரப்படும். 1992, 2004, 2016 என்று அந்த வரிசையில் ஒவ்வொரு மகாமகத்துக்கும் முந்தைய ஓரிரு ஆண்டுகளில் ஊருக்குப் பெரும் நிதி வந்திருக்கிறது. 1992 பிப்ரவரியில் நெரிசலில் ஏறத்தாழ ஐம்பது பேர் இறந்துபோனதால், அதற்குப் பிறகான ஏற்பாடுகளில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் பணிகளே முதலிடம் பெற்றன; அது நியாயமானதுதான். ஆனால் விழா முடிந்த மறுநாளில் தொடங்கி அடுத்த விழா நெருங்கும்வரை உள்ள பத்துப் பதினொரு ஆண்டுகளில் இந்த ஊரின் நீர்நிலைகளை யார் கவனித்துக்கொள்வது என்ற கேள்விக்கு அந்த நாட்காட்டியில் இடம் கிடையாது.

நகர உள்கட்டமைப்புத் திட்டங்களுக்கு விரிவான திட்ட அறிக்கை தயாரித்துக் கொடுக்கும் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் களப்பொறியாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். டெல்டாப் பகுதியின் சிறு நகரங்கள் பலவற்றில் குளம், வடிகால், பூங்கா, சந்தைக் கட்டடம் என்று எல்லாவற்றையும் அளந்திருக்கிறேன். பூங்காவும் சந்தையும் என் நினைவில் அதிகம் தங்கவில்லை. தங்கியவை குளங்கள்தான், அதிலும் கும்பகோணத்துக் குளங்கள். 2011 கணக்கெடுப்பில் சுமார் 1,40,000 பேர் வாழ்ந்த, வடக்கே காவிரிக்கும் தெற்கே அரசலாற்றுக்கும் இடையில் அடங்கிவிடுகிற ஓர் ஊருக்குள் இத்தனை குளங்கள் எதற்கு என்று முதலில் வியந்தது உண்டு. மகாமகக் குளமும் பொற்றாமரைக் குளமும் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். ரெட்டிராயர் குளம் போன்றவை உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். பெயரை மட்டும் தெருவுக்குக் கொடுத்துவிட்டுத் தூர்ந்துபோனவை வருவாய்த் துறையின் பழைய பதிவேடுகளில்தான் குளங்களாக இருக்கின்றன.

இந்தக் குளங்கள் மழையை மட்டும் நம்பி வெட்டப்பட்டவை அல்ல. ஆற்றிலிருந்து ஒரு வாய்க்கால் பிரிந்து ஊருக்குள் வந்து ஒரு குளத்தை நிரப்பும். மிகுந்த நீர் அடுத்த குளத்துக்கோ வடிகாலுக்கோ போகும். ஆற்றில் நீர் ஓடும் மாதங்களில் குளம் நிறைந்தால், கோடையில் சுற்றியுள்ள தெருக்களின் கிணறுகளில் நீர் நிற்கும். ஆகவே குளத்தைச் சீரமைப்பது என்றால் குளத்தில் தொடங்கக்கூடாது. ஆற்று நீரை வாய்க்காலுக்குள் விடும், ஆற்றங்கரையில் உள்ள தலைமதகில் தொடங்க வேண்டும். இதைச் சொல்வது எளிது. நில அளவையரையும் நில எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும் துணைக்கு வைத்துக்கொண்டு அந்த வாய்க்காலின் தடத்தில் நடந்து பார்த்தால்தான் எவ்வளவு கடினம் என்று புரியும்.

படத்தில் நேர்கோடாக, இருபுறமும் புறம்போக்கு என்று குறிக்கப்பட்ட வாய்க்கால், நிலத்தில் சில வீடுகளின் கொல்லைப்புறமாக நுழைந்து, ஓரிடத்தில் மாட்டுக்கொட்டகைக்கு அடியிலும் இன்னோரிடத்தில் தேநீர்க் கடையின் சிமெண்டுத் தளத்துக்கு அடியிலும் போகும். கடைக்காரர் அந்தத் தளத்தை வாய்க்காலை ஆக்கிரமிக்கும் எண்ணத்தில் போட்டிருக்க மாட்டார். நாற்றம் தாங்காமல் மூடியிருப்பார். வீடுகளின் கழிவுநீர் அதில் விழத் தொடங்கிய நாளிலிருந்தே மக்கள் கண்ணுக்கு அது வாய்க்கால் அல்ல, சாக்கடை. ஒருமுறை அளவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஒரு சந்துக்குள் நுழைந்தபோது திண்ணையில் இருந்த மூதாட்டி ஒருவர், “தம்பி, இதுல புதுத்தண்ணி வந்தா நாங்க குடத்தோட நிப்போம். ஆடிக்கு அப்புறம் இங்கேயே குளிப்போம். இப்ப ஏன் அளக்குறீங்க, மூடிடப் போறீங்களா?” என்று கேட்டார். அளவு எடுக்க வருகிறவர்கள் மூடத்தான் வருவார்கள் என்று ஊர் நம்பும் அளவுக்கு எங்கள் தொழிலின் கடந்தகாலம் இருக்கிறது.

நிலத்தின் உயர வித்தியாசத்தை அளக்கும் மட்டமானி வைத்துப் பார்த்தபோது தெரிந்த செய்தி அதைவிட முக்கியமானது. ஆக்கிரமிப்பு என்றே எல்லோரும் பேசுகிறோம். ஆனால் நான் பார்த்த வாய்க்கால்களில் நீர் நின்றுபோனதற்குப் பெரும்பாலும் காரணம் சிறுபாலங்கள். வாய்க்காலைத் தெரு கடக்கும் இடத்தில் குழாய் பதித்துச் சாலை போடுகிறார்கள். அந்தக் குழாயின் அடிமட்டம் வாய்க்காலின் அடிமட்டத்தைவிட ஒரு சாண் உயர்ந்துவிட்டால் போதும். டெல்டாவில் நிலத்தின் சாய்வு மிகக் குறைவு என்பதால் அந்த ஒரு சாண், மேலே நெடுந்தூரத்துக்குத் தண்ணீரைத் தேக்கி நிறுத்திவிடும். தேங்கிய இடத்தில் வண்டல் படியும், வண்டலில் கோரை முளைக்கும், கோரையில் நெகிழிப்பை சிக்கும், பிறகு அது குப்பைமேடு. சாலை போட்டவர் சாலையைச் சரியாகவே போட்டிருப்பார். அவருடைய அளவுப் புத்தகத்தில் வாய்க்காலின் அடிமட்டம் என்ற ஒரு கட்டமே இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல் ஆற்றிலேயே இருக்கிறது. பல ஆண்டுகள் மணல் அள்ளியதால் காவிரியின் படுகை பல இடங்களில் தாழ்ந்துவிட்டது. மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து, கல்லணை வழியாக நீர் வந்து சேர்ந்தாலும், ஆறு கால்பங்கு ஓடும்போது பழைய தலைமதகின் வாசல் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கிறது. இதற்கு எளிய மாற்றாகக் குளக்கரையில் ஆழ்துளைக் கிணறு போட்டு மோட்டாரால் நிரப்பும் வழக்கம் வந்திருக்கிறது. நிலத்தடி நீரை ஏற்றி நிலத்தடி நீரைப் பெருக்கும் குளத்தில் ஊற்றுவதை நான் எந்த அறிக்கையிலும் பரிந்துரைத்ததில்லை. ஆனால் திருவிழா நாளுக்குள் குளம் நிறைந்து தெரிய வேண்டும் என்ற கட்டாயத்தில் இருக்கும் அதிகாரியிடம் அதை வாதிட்டு வென்றதும் இல்லை.

உரிமை யாருடையது என்ற கேள்வியையும் சொல்லியாக வேண்டும். குளம் கோவிலுக்குச் சொந்தம் என்றால் அறநிலையத் துறை. தலைமதகு நீர்வளத் துறை. நடுவில் ஓடும் வாய்க்கால் உள்ளாட்சி. அதன் நிலம் வருவாய்த் துறையின் பதிவேட்டில். ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டம் அப்போது பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டில் இருந்த ஏரிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஊர் நடுவில் உள்ள ஒரு சிறு குளத்துக்கு அது நேராகப் பொருந்துவதில்லை. இதனால் நான்கு அலுவலகங்களின் தடையின்மைச் சான்றையும் பெற்று வாய்க்காலுக்கு மதிப்பீடு போடுவதைவிட, ஒரே அலுவலகத்தின் கையிலுள்ள கரைக்கு மதிப்பீடு போடுவது எவருக்கும் எளிதாகிவிடுகிறது. கரைக்கு நடைபாதை, கம்பிவேலி, விளக்குக் கம்பம், இருக்கை. எல்லாம் அளக்கக்கூடியவை, புகைப்படத்தில் விழக்கூடியவை, ஒரு நிதியாண்டுக்குள் பட்டியல் போட்டுப் பணம் வாங்கக்கூடியவை.

அப்படி ஒரு வேலையை அருகிலிருந்து பார்த்தேன். டெல்டாவில் வேறொரு சிற்றூர், பெயர் வேண்டாம். குளத்தின் நடுவில் நீரூற்றும் சுற்றிலும் வண்ணக்கல் பதித்த நடைபாதையும் திட்டத்தில் இருந்தன. நீர்வரத்து வாய்க்காலை இரண்டாம் கட்டத்துக்கு ஒதுக்கினார்கள். முதல் கட்டம் முடிந்து திறப்பு விழாவும் நடந்தது. இரண்டாம் கட்டத்துக்கு நிதி வரவில்லை. அடுத்த கோடையில் நீரூற்றின் குழாய்கள் வறண்ட மண்ணிலிருந்து எழும்பி நிற்க, நடைபாதையில் மட்டும் மக்கள் காலையும் மாலையும் நடந்தார்கள். நடப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த ஊரில் நடக்க வேறு இடம் இல்லை. நடைபாதை தேவையற்றது என்று சொல்லும் சூழலியல் நண்பர்களோடு எனக்கு உடன்பாடு இல்லாததும் இதனால்தான். ஆள் நடமாட்டம் உள்ள கரையில் இரவோடு இரவாகக் கட்டட இடிபாடுகளைக் கொட்ட யாரும் துணிய மாட்டார்கள். அது ஒரு காவல். எந்த வேலை முதலில் என்பதில்தான் என் சண்டை.

தூர்வாருவதிலும் ஓர் ஆர்வக்கோளாறு உண்டு. பொக்லைன் இறங்கியதும், “இன்னும் ரெண்டடி போகட்டும் சார், அப்பதான் தண்ணி நிக்கும்” என்று கரையில் கூடியவர்கள் சொல்வார்கள். உண்மை நேர்மாறாகவும் இருக்கலாம். குளத்தின் அடியில் காலங்காலமாகப் படிந்து இறுகிய களிமண் அடுக்கைத் தோண்டி எடுத்துவிட்டால், கீழே உள்ள மணல் தண்ணீரை வேகமாகக் குடித்துவிடும். குளம் ஆழமாகி வறண்டு கிடக்கும். சுற்றுச்சுவரின் அடித்தளத்துக்கும் கீழே தோண்டிவிட்டால் அடுத்த ஐப்பசி மழையில் சுவர் உள்ளே சாயும். ஒப்பந்ததாரருக்கு கனமீட்டர் கணக்கில் பணம் என்பதால் அவர் நிறுத்தச் சொல்லமாட்டார். வண்டல் எங்கே முடிந்து களி எங்கே தொடங்குகிறது என்று கையால் பிசைந்து பார்த்துச் சொல்லக்கூடிய ஒரு மேற்பார்வையாளர் அங்கே நிற்க வேண்டும்; அப்படிப்பட்டவர்கள் ஓய்வுபெற்றுக்கொண்டே இருக்கிறார்கள்.

மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள பதினாறு மண்டபங்களைப் போன்ற பழைய கட்டுமானங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டியவற்றின் மேல் சிமெண்டைப் பூசினால், சுவர் உறிஞ்சிய ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, உப்பாகப் பூத்து, பூச்சையும் செங்கலின் முகத்தையும் சேர்த்தே உதிர்க்கும். சுண்ணாம்பை ஊறவைத்து, அரைத்து, கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் சிமெண்டு வேலைக்கான விலைவீதத்தில் ஒப்பந்தப்புள்ளி கோரிவிட்டு அவர்களைத் தேடினால் கிடைக்கமாட்டார்கள்.

மக்கள் பங்கேற்பு என்ற பத்தி இல்லாமல் எந்தத் திட்ட அறிக்கையும் ஏற்கப்படுவதில்லை. நானும் எழுதியிருக்கிறேன். மதிப்பீட்டில் ஒரு பங்கை மக்களே செலுத்தினால் மீதியை அரசு தரும் ‘நமக்கு நாமே’ திட்டம் 1990-களின் பிற்பகுதியில் தொடங்கி, நின்று, மீண்டும் வந்தது. அதில் பணம் கட்டுகிற தெருவாசிகள் வேலையின் தரத்தைக் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்ப்பதை நேரில் கண்டிருக்கிறேன். சிமெண்டு மூட்டையை எண்ணுவார்கள், கலவைக்கு எத்தனை சட்டி ஜல்லி என்று கேட்பார்கள். விடுமுறை நாளில் கையுறை அணிந்து குளக்கரையில் குப்பை பொறுக்கி, பதாகையோடு படம் எடுத்துக்கொண்டு போகும் கூட்டத்தைவிட அவர்களுடைய சிடுசிடுப்பு எனக்குப் பயன்பட்டது. கட்டி முடித்த பிறகு பராமரிப்புக்கும் அதே பங்கைக் கேட்டால் அமைதி நிலவும் என்பதும் உண்மை.

பராமரிப்புக்குத் தேவையான தொகை உண்மையில் சிறியது. ஆற்றில் நீர் வருவதற்கு முன் வாய்க்காலை ஒருமுறை அரிந்து, சிறுபாலங்களின் வாயைத் திறந்துவிட்டு, மதகின் பலகைக்கு எண்ணெய் போட்டு, நீர் வந்ததும் முதல் வெள்ளத்தின் அழுக்கை வடிகாலில் திருப்பிவிட்டு, தெளிந்த நீரைக் குளத்துக்கு விட ஓர் ஆள் வேண்டும். பாசன வாய்க்கால்களில் இந்த வேலையைச் செய்ய லஸ்கர்கள் இருக்கிறார்கள். நகருக்குள் நுழைந்ததும் வாய்க்காலுக்கு அப்படி ஒருவர் இல்லை. நான் தயாரித்த அறிக்கைகளில் இந்த ஆளுக்கான ஊதியத்தை ஆண்டுச் செலவாகச் சேர்த்திருக்கிறேன். பரிசீலனைக் கூட்டங்களில் ‘மூலதனச் செலவில் வராது’ என்று அடிக்கப்படும் முதல் வரி எப்போதும் அதுதான்.

அடுத்த மகாமகம் 2028-இல். 2021-இல் மாநகராட்சியாகிவிட்ட கும்பகோணத்துக்கு இந்த முறை கூடுதல் நிதி வரும் என்று எதிர்பார்க்கலாம். மதிப்பீடுகள் எழுதப்படும், நானே எழுதாவிட்டாலும் என்னைப் போன்ற யாரோ ஒருவர் மட்டமானியோடு சந்துகளுக்குள் நுழைவார். அவரிடம் கேட்டுக்கொள்வதற்கு என்னிடம் இருப்பது ஒன்றே: குளத்தின் வரைபடத்தை இணைப்பதற்கு முன், தலைமதகு முதல் குளத்தின் வாய்வரை ஒவ்வொரு சிறுபாலத்தின் அடிமட்டத்தையும் எடுத்து, வாய்க்காலின் அடிமட்டம் ஏறி இறங்குவதைக் காட்டும் நீள்வெட்டுப் படமாக முதல் பக்கத்தில் வையுங்கள். ஒப்புதல் அளிக்கிறவர் நடைபாதைக்குக் கையெழுத்துப் போடும்போது, தண்ணீர் எந்தச் சிறுபாலத்தில் நின்றுவிடும் என்பதையும் பார்த்துவிட்டே போடட்டும்.