ஏர்கான்காரன் கண்ணில் ஒரு டிஷ்வாஷர்

சிங்கப்பூர் செங்காங்கில் அக்கா வீட்டு டிஷ்வாஷர் பாத்திரத்தைப் பளிச்சென்று கழுவும். ஆனால் சொட்டச் சொட்ட ஈரமாகத்தான் திருப்பித் தரும். சர்வீஸ் ஆள் வந்து பார்த்தார், "மெஷினில் கோளாறு எதுவும் இல்லை" என்றார், வந்துபோன கூலியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அக்காவுக்கு வந்ததே ஆத்திரம். "கோளாறு இல்லாட்டி ஏன்டா தம்பி தண்ணி நிக்குது? நீயும் மெஷின் பாக்கறவன்தானே, வந்து பாரு."

நான் பார்ப்பது ஏர்கான், அதாவது ஏசி. ஆனாலும் இது என் தொழிலுக்கு அவ்வளவு தூரத்து விஷயம் இல்லை. காற்றில் உள்ள ஈரத்தைக் குளிர்ந்த ஒரு பரப்பில் படியவைத்து வெளியே வடிப்பதுதான் இரண்டுக்கும் வேலை. சர்வீஸ் ஆள் பொய் சொல்லவில்லை. பாதியைச் சொல்லிவிட்டு மீதியைச் சொல்லாமல் போனதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மீதி இதுதான். பெரும்பாலான டிஷ்வாஷர்களில் சூடான காற்றை ஊதிக் காயவைக்கும் ஏற்பாடே கிடையாது. கடைசி அலசலில் தண்ணீரை 60, 65 டிகிரி வரை சூடாக்கி அடிக்கும். பாத்திரங்கள் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். தண்ணீர் வடிந்தபின், ஒட்டியிருக்கும் துளிகள் பாத்திரத்தின் சொந்தச் சூட்டில் ஆவியாகும். உள்சுவர் மெல்லிய எவர்சில்வர் தகடு என்பதால் பாத்திரத்தைவிடச் சீக்கிரம் ஆறும். ஆவி அதில் படிந்து வழிந்து, அடியில் சேர்ந்து, பம்ப் வழியாக வெளியேறும். பாத்திரத்துக்கும் சுவருக்கும் எவ்வளவு சூட்டு வித்தியாசம் இருக்கிறதோ அவ்வளவுக்குக் காயும்.

இந்த இடத்தில்தான் ஊர் குறுக்கே வருகிறது. சில மாடல்களில் பக்கச் சுவரை ஒட்டிக் குழாய்த் தண்ணீரை நிரப்பி அதை இன்னும் குளிர்விப்பார்கள். ஐரோப்பாவில் டிஷ்வாஷரைச் சோதிக்கும் தரமுறையில் அறை 23 டிகிரி, ஈரப்பதம் 55 விழுக்காடு, உள்ளே வரும் தண்ணீர் 15 டிகிரி. நம் வீவக (அரசு அடுக்குமாடி வீடு) சமையலறை 30 டிகிரி. ஈரப்பதமோ, சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டைத் தாண்டும். குழாயில் 15 டிகிரித் தண்ணீர் வந்து இந்தத் தீவில் யாரும் பார்த்ததில்லை.

ஏர்கான்காரன் புத்தி, கணக்குப் போடாமல் விடாது. 23 டிகிரியில் 55 விழுக்காடு என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 11 கிராம் நீராவி இருக்கும், இன்னும் 9 கிராம் வாங்க இடமிருக்கும். 30 டிகிரியில் 80 விழுக்காடு என்றால் ஏற்கெனவே 24 கிராம் உள்ளே. மிச்ச இடம் 6 கிராம்தான். ஈரத் துணி மழைநாளில் வீட்டுக்குள் காயாமல் நாறுவதும் இதனால்தான்.

சரி, இவ்வளவும் ஊர்மேல் போடும் பழி. அதற்காக அக்கா வீட்டுப் பாத்திரம் அந்த அளவுக்குச் சொட்ட வேண்டியதில்லை.

"ஹீட்டர் போயிருக்கும்" என்று அத்தான் தீர்ப்பே எழுதி வைத்திருந்தார். ஹீட்டர் போயிருந்தால் ஈரத்துக்கு முன்னால் எண்ணெய்ப் பிசுக்குத்தான் காட்டிக்கொடுக்கும். ஆட்டுக்கறிக் குழம்புச் சட்டி வழவழவென்று வெளியே வரும். அக்கா வீட்டில் அது இல்லை. சந்தேகம் இருப்பவர்கள், ஓடி முடிந்த உடனே முகத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு கதவைத் திறந்து ஒரு கனமான பீங்கான் தட்டைத் தொட்டுப் பார்க்கலாம். கை பொறுக்காத சூடு இருந்தால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். நான் பையில் இருந்த கம்பி வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். மருமகள் என் அகச்சிவப்பு வெப்பமானியை எடுத்துச் சுவர்மீது குறிபார்த்து, "மாமா, இது ரொம்பக் கம்மியாக் காட்டுது" என்றாள். பளபளக்கும் எவர்சில்வரிடம் அந்தக் கருவி ஏமாந்துபோகும். மாஸ்கிங் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் பார்த்தால்தான் உண்மை தெரியும். எங்கள் வேலையில் செப்புக் குழாயிலும் இதே கதைதான்.

தட்டு காட்டியது 43 டிகிரி. அக்காவிடம் எந்தப் புரோகிராம் என்று கேட்டேன். "அந்த முப்பது நிமிஷத்துது. படுக்கறதுக்கு முன்னாடி முடிஞ்சிடும்ல." பாதி விடை கிடைத்துவிட்டது. அவசரப் புரோகிராம்கள் பலவற்றில் காயவைக்கும் கட்டமே இருக்காது. கடைசித் தண்ணீரும் அவ்வளவு சூடேறாது. 'ஈகோ' (Eco) புரோகிராம் அதைவிடத் தேவலாம், ஆனால் மின்சாரம் மிச்சம் பிடிக்க வேண்டுமே, அதுவும் மிதமான சூடுதான். சூடு கூடிய புரோகிராமில் அதே தட்டை வைத்து ஓட்டினால் 62 காட்டியது. மாடலில் 'எக்ஸ்ட்ரா டிரை' என்று பொத்தான் இருந்தால் அது செய்வதும் பெரும்பாலும் இதைத்தான்: கடைசி அலசலைச் சூடாக்கும், காயும் நேரத்தை நீட்டும். மின் கட்டணம் கொஞ்சம் ஏறும்.

அடுத்த பாதி ரின்ஸ் எய்ட், கடைசி அலசலில் சேரும் ஒரு திரவம். கதவின் உட்பக்கம், சோப்பு போடும் டப்பாவுக்குப் பக்கத்தில், நட்சத்திரம் போல ஒரு குறி போட்ட மூடி இருக்கும். அக்கா அதைத் திறந்ததே இல்லை. "எல்லாம் சேர்ந்த மாத்திரைதானே போடுறேன், அதுல இருக்குன்னு டப்பாவிலேயே போட்டிருக்கான்." இருக்கிறதுதான். ஆனால் மாத்திரை கரைவது நடுக் கழுவலில். அந்தத் தண்ணீர் அழுக்கோடு வெளியே போய்விடும், கடைசி அலசலுக்கு மிஞ்சுவது கொஞ்சம். தனியாக ஊற்றி வைக்கும் ரின்ஸ் எய்டை மெஷின் கடைசி அலசலில்தான் விடும்.

அது என்ன செய்கிறது என்பதை டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். ஊற்றுவதற்கு முன் ஒரு தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தேன். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு, ஒன்றோடொன்று சேராமல், விளிம்புக்குச் சற்று மேலே அப்படியே தொங்கிக்கொண்டு நின்றது. உருண்ட துளிக்குப் பரப்பு குறைவு, ஆவியாக நேரம் பிடிக்கும். ஊற்றிய பிறகு அதே தட்டில் முத்துகளே இல்லை. தண்ணீர் மெல்லிய படலமாக விரிந்து மொத்தமாகச் சரிந்தது. மிச்சம் இருந்ததும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருங்கிக் காணாமல் போனது. நீரின் பரப்பு இழுவிசை குறைந்தால் நடப்பது இது. அளவைக் கூட்டிக் குறைக்க மெனுவிலோ மூடிக்குள்ளோ ஒரு எண் இருக்கும். நம் ஊருக்கு நடுவில் இருந்து ஒரு படி ஏற்றி வைக்கலாம். கிளாஸில் நீல நிறமாகக் கோடு தெரிந்தால் அதிகம், இறக்கிவிடுங்கள். ஊற்றி வைத்தும் மட்டம் இறங்கவே இல்லை என்றால் அந்த டப்பாதான் அடைத்திருக்கிறது. அப்போது சர்வீஸ் ஆளைத் திரும்பக் கூப்பிட நியாயம் உண்டு.

ரின்ஸ் எய்டுக்குப் பதில் வினிகர் ஊற்றச் சொல்லி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. வேண்டாம். வினிகர் அமிலம், உப்புக்கறையைக் கரைக்கும், தண்ணீரை இப்படி விரியவைக்காது. அந்த டப்பாவிலேயே கிடந்தால் ரப்பர் வாஷரையும் நாளடைவில் கெடுக்கலாம். மெஷினில் போடும் உப்புக்கும் காய்வதற்கும் சம்பந்தமில்லை, அது தண்ணீரின் கடினத்தைக் குறைக்க. அடியில் உள்ள வடிகட்டியைக் கழற்றினேன். கடுகும் கருவேப்பிலைக் காம்பும் ஒரு கைப்பிடி. கழுவி மாட்டினேன்.

இனி நம் பாத்திரங்கள். இந்த மெஷின் கனமான பீங்கானை மனத்தில் வைத்துச் செய்தது. பீங்கான் சூட்டைப் பிடித்து வைத்துத் தன்னைத்தானே காயவைத்துக்கொள்ளும். நம் எவர்சில்வர் டம்ளர் சூடாவதும் சீக்கிரம், ஆறுவதும் சீக்கிரம். போதாததற்கு அதன் அடியில் ஒரு குழி. கவிழ்த்து வைத்தால் அந்தக் குழி ஒரு குட்டிக் குளம். விளிம்பு மடித்த டபராவில் மடிப்புக்குள் தண்ணீர் புகுந்துகொண்டு, துடைத்து அலமாரியில் வைத்த பிறகு மெதுவாக வெளியே வரும். டம்ளரை நேராகக் கவிழ்க்காமல் கம்பிமேல் சாய்த்து வைத்தால் குளம் வடிந்துவிடும். தட்டுகளை ஒன்றையொன்று தொடாமல் வைக்க வேண்டும். இட்லித் தட்டின் ஓட்டைகளில் தண்ணீர் படலம் கட்டி நிற்கும், அதை நிமிர்த்தி வைத்தால் பரவாயில்லை. பிளாஸ்டிக் டப்பாவுக்கு மட்டும் என்னிடம் மருந்தில்லை. எடையும் இல்லை, சூட்டையும் பிடிக்காது. எந்த மெஷினிலும் அது ஈரமாகத்தான் வரும், துடைக்கத்தான் வேண்டும்.

ஓடி முடிந்தபின் ராத்திரி முழுக்கக் கதவை மூடி வைப்பது அக்காவின் பழக்கம். 60 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 130 கிராம் நீராவி தாங்கும், 30 டிகிரியில் 30 கிராம்தான். மெஷின் ஆற ஆற மிச்ச ஆவி பாத்திரத்தின் மேலேயே திரும்பப் படியும். அதனால் புரோகிராம் முடிந்ததும் கதவைத் திறந்து விடுங்கள். நம் காற்று ஈரம்தான், என்றாலும் உள்ளே இருக்கும் காற்றுக்கு அது எவ்வளவோ மேல். ஜன்னலைத் திறந்து, டேபிள் ஃபேனைக் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திருப்பி வைத்தால் டம்ளர்கூடக் காய்ந்துவிடுகிறது. எடுக்கும்போது கீழ்த்தட்டை முதலில் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மேலே நிற்கும் தண்ணீர் கீழே காய்ந்ததன்மேல் கொட்டும்.

திறக்கும்போது ஒருக்களித்து வைக்காமல் முழுக்கத் திறக்க வேண்டும். இடுக்கு வழியாக வரும் ஆவி நேரே சமையல் மேடையின் அடிப்பக்கத்தில் அடிக்கும். லேமினேட் ஒட்டிய பலகை ஊதி உரிந்துவிடும். அக்கா வீட்டில் ஓரம் ஏற்கெனவே லேசாகப் புடைத்திருந்தது. மேடைக்கு அடியில் ஒட்டுவதற்கென்று மெஷினோடு ஒரு படலம் கொடுப்பார்கள். பொருத்த வந்தவர் அதை ஒட்டாமல், பிரிக்காத உறையாகவே கையேட்டுப் பையில் விட்டுப் போயிருந்தார். மேடை அடியைத் துடைத்துக் காயவைத்து நானே ஒட்டினேன்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் கடையில் ஒரு கேள்வி கேளுங்கள்: முடிந்ததும் கதவு தானாகத் திறக்குமா? எலெக்ட்ரோலக்ஸின் ஏர்டிரை மாடல்கள் கதவைப் பத்து சென்டிமீட்டர் திறந்துவிடும். பாஷ் சில மாடல்களில் சியோலைட் என்ற கனிமத்தை வைக்கிறது. அது ஈரத்தை உறிஞ்சிச் சூட்டை வெளிவிடும், கதவு மூடியிருக்கும்போதே காயும். விலை கூடத்தான். தானாகத் திறக்கும் மாடல் என்றால், கேபினெட் செய்கிறவரிடம் ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். எதிரே குப்பைத்தொட்டியோ அரிசி டின்னோ இருந்தால் அந்தக் கதவு எங்கே போய்த் திறக்கும்?