கவுன்டாக்கிலிருந்து பாண்டாவுக்கு

பள்ளி நாட்களில் என் அறைச் சுவரில் லம்போர்கினி கவுன்டாக் படம் ஒட்டியிருந்தேன். அந்தக் கார் வடிவமைப்பாளர் மார்செல்லோ காண்டினியின் கைவண்ணம். 1974-ல் விற்பனைக்கு வந்த அந்த ஆப்பு வடிவமும் மேல்நோக்கித் திறக்கும் கதவும்தான் அன்று எனக்குக் கார். பின்னால் வருவது சரியாகத் தெரியாது என்பதெல்லாம் அந்த வயதில் ஒரு குறையா!

இருபதுகளில் கண் ஜாகுவார் ஈ-டைப் பக்கம் போனது. நீண்ட பானெட், வளைவுகள்... சரி, அது எல்லோருக்கும் வருகிற காய்ச்சல்.

ஐம்பதை நெருங்கும் இப்போது நான் நின்று பார்ப்பது 1980-ல் வந்த முதல் ஃபியட் பாண்டாவை. ஜியுஜாரோ வடிவமைத்தது. கண்ணாடிகள் எல்லாம் தட்டை. வளைந்த கண்ணாடியைவிடச் செலவு குறைவு. டாஷ்போர்டு இருக்கவேண்டிய இடத்தில் துணி போர்த்திய நீளமான தட்டு. சாவி, வரைபடம், கைக்குட்டை எதையும் போடலாம். அதன் விளிம்பில் ஆஷ்ட்ரே இடவலமாக நகரும். பின்சீட்டைப் படுக்கையாகவும் விரிக்கலாம். வரைந்தவர் காருக்குள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்!

என் வயது மட்டும் காரணமில்லை, கார்களும் மாறிவிட்டன. மோதினால் பாதசாரியின் தலை எஞ்சினில் இடிக்காதிருக்க பானெட் உயர்ந்தது. உருண்டாலும் கூரை நசுங்காதிருக்கத் தூண்கள் தடித்தன. இதையெல்லாம் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த முறைக்கும் ஹெட்லைட்டையும் வாய் பிளந்த கிரில்லையும் எந்தப் பாதுகாப்பு விதி கேட்டது? அதுவும் குளிர்விக்க எஞ்சினே இல்லாத பேட்டரி காருக்கு?