குளிரில் இறுகிய ஆக்சிலரேட்டர்

உறைபனி கொட்டிய ஒரு காலையில் காரை எடுத்தேன். முதல் திருப்பத்துக்கு முன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தும் வேகம் குறையவில்லை. பெடல் பாதியிலேயே நின்றுவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிப் போயிற்று.

கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு மாற்றினேன். பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டினேன். வண்டி நின்ற பிறகுதான் சாவியைத் திருப்பினேன். ஓடும்போதே சாவியை முழுக்கத் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளக்கூடும். பிரேக்கை விட்டு விட்டுப் பலமுறை மிதிப்பதும் ஆபத்து. த்ராட்டில், அதாவது எஞ்சினுக்குள் காற்றை விடும் மடல், திறந்திருக்கும்போது பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் எஞ்சினிலிருந்து சரியாகக் கிடைக்காது, சேமிப்பில் இருப்பதும் சில மிதிகளில் தீர்ந்துவிடும்.

முதலில் காலடியில் விரித்திருந்த மேட்டைப் பார்த்தேன், அது பெடலைத் தொடவே இல்லை. மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். அதற்குள் எஞ்சின் நன்றாகச் சூடாகியிருந்தது, பெடலும் ஒழுங்காகத் திரும்பியது. த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கிறது என்று சுத்தம் செய்து கொடுத்தார். கரி இருந்தது உண்மைதான். ஆனால் இரண்டே நாளில் மறுபடியும் அதே கதை.

அப்போதுதான் ஒன்று புரிந்தது: குளிரில் வருகிற கோளாறைக் குளிரிலேயே தேட வேண்டும். இரவு முழுக்க வண்டியை வெளியில் விட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யாமலே பானெட்டைத் திறந்தேன். ஆக்சிலரேட்டர் கேபிளின் முனையை த்ராட்டிலிலிருந்து கழற்றினேன். த்ராட்டிலைக் கையால் திருப்பி விட்டால் ஸ்பிரிங் ‘டக்’கென்று மூடியது. அங்கே பழுதில்லை. அடுத்து கேபிளை இழுத்துப் பார்த்தேன். மணலுக்குள் இழுப்பதுபோல நகர்ந்தது, நடுவில் நின்றது.

கேபிள் உள்ளே நுழைகிற வளைவில் வெளியுறை வெடித்திருந்தது. அந்த வழியாக ஈரம் புகுந்து இரவில் உறைந்திருக்கிறது, எஞ்சின் சூட்டில் உருகியிருக்கிறது. பட்டறையில் ஒன்றும் தெரியாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

கிரீஸ் போட்டுச் சமாளிக்கலாமா என்று யோசித்தேன், வேண்டாமென்று விட்டேன். சாதாரண கிரீஸ் குளிரில் கெட்டியாகும், இழுவை இன்னும் கூடும். வெடித்த உறையும் அப்படியேதான் இருக்கும். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் ஒட்டுப்போடக் கூடாது. புதுக் கேபிள் மாற்றினேன். பெடலை முழுக்க மிதித்தால் த்ராட்டில் முழுக்கத் திறக்க வேண்டும், விட்டால் கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்க வேண்டும். அதைச் சரிபார்க்கத்தான் அதிக நேரம் பிடித்தது.

புதிய கார்கள் பலவற்றில் கேபிளே கிடையாது, மோட்டார்தான் த்ராட்டிலைத் திறக்கும். அந்த மாதிரி வண்டியில் விரலை விட்டுத் தள்ளிப் பார்க்காதீர்கள், உள்ளே பல்சக்கரம் கெட்டுப்போகலாம். கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் கருவி உள்ளவரிடம் காட்டுங்கள்.

இப்போதும் குளிர்காலக் காலைகளில் சாவியைத் திருப்புமுன் பெடலை இரண்டு முறை மிதித்து விடுகிறேன். அந்த ‘டக்’ கேட்ட பிறகுதான் ஸ்டார்ட் செய்கிறேன்.