ஸ்கேனில் வந்த எடை

குளச்சலை அடுத்த ஒரு கடற்கரை ஊரிலிருந்து அவள் வந்தபோது 37 வாரம். கையில் ஸ்கேன் கவர். கூட வந்த மாமியார்தான் முதலில் பேசினார்: "பிள்ளை நாலு கிலோ தாண்டியாச்சுண்ணு எழுதியிருக்கு சிஸ்டர். ஆபரேஷனுக்கே நாள் குறிச்சிருங்க." அவள் வாயே திறக்கவில்லை. கவரின் ஓரத்தை மடக்குவதும் விரிப்பதுமாக இருந்தாள்.

பிரசவ வார்டில் எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கவரோடு வரும் இந்த முகம் பழக்கப்பட்ட முகம். நம் பக்கத்தில் மூன்று கிலோவை ஒட்டிப் பிறக்கும் பிள்ளைகள்தான் அதிகம் என்பதால், மூன்றரை என்றாலே வீட்டில் பேச்சு தொடங்கிவிடும். மருத்துவக் கணக்கில் 4 கிலோவைத் தாண்டினால்தான் பெரிய பிள்ளை. சிலர் 4.5 என்று வைப்பார்கள்.

அதுவும் ஸ்கேன் பிள்ளையைத் தராசில் வைத்து நிறுப்பதில்லை. தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் இவற்றை அளந்து எடையைக் கணக்குப் போடுகிறது. 10, 15 சதவீதம் கூடவோ குறையவோ வரலாம். 4.1 என்று எழுதியிருக்கும் பிள்ளை மூன்றரைக் கிலோவாகவும் இருக்கலாம், நாலரைக்கு மேல் போகவும் செய்யலாம். அவளுடைய தாளில் இருந்தது 4.1.

நான் முதலில் பார்த்தது சர்க்கரை அளவை. தாயின் ரத்தத்தில் சர்க்கரை கூடினால் அது பிள்ளைக்கும் போகும். பிள்ளையின் உடல் கூடுதலாக இன்சுலின் சுரந்து அதைக் கொழுப்பாகச் சேர்த்துவைக்கும். தோளிலும் வயிற்றிலும் சதை போடும். தலை வெளியே வந்தபின் தோள் மாட்டிக்கொள்வது இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அதிகம். தமிழ்நாட்டில் 2007 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை உண்டு. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து 140-ஐத் தொடக்கூடாது. இவளுக்கு 112. நல்லது. ஆனாலும் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் இல்லாத நாள் இங்கே குறைவு. கிழங்கின் அளவைக் குறைத்து மீனைக் கூட்டச் சொன்னேன். "காப்பிக்குக் கருப்பட்டிதானே போடுறோம், சீனி இல்லையே" என்றார் மாமியார். கருப்பட்டியும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். இதைச் சொல்லும்போதெல்லாம் யாரும் என்னை நம்புவதில்லை. நானும் சொல்லாமல் விடுவதில்லை.

சர்க்கரை இருந்தால் 4.5 கிலோ, இல்லையென்றால் 5 கிலோ என்று மதிப்பீடு வந்தால்தான் நேரடியாகச் சிசேரியன் பற்றி யோசிக்கலாம் என்பது அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கழகத்தின் வழிகாட்டுதல். அவளுக்கு முதல் பிள்ளை 3.2 கிலோ, சுகப்பிரசவம். வலி வரும்வரை பொறுத்திருக்கலாம் என்றார் டாக்டர்.

அவர் போனபின் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினேன். அதற்குக் காரணம் ஒரு பழைய இரவு.

வேலைக்குச் சேர்ந்த புதிது, வேறொரு ஆஸ்பத்திரி. தலை வந்தது, வந்த தலை ஆமையைப் போல மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டது. எல்லாருக்கும் பதற்றம். ஒருவர் வயிற்றை மேலிருந்து அழுத்தினார், இன்னொருவர் தலையைப் பிடித்து இழுத்தார். நான் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேல்வயிற்றில் அழுத்தினால் தோள் இடுப்பெலும்பில் இன்னும் இறுகும் என்று அன்று எனக்குத் தெரியாது. பிள்ளை பிழைத்தது, ஆனால் வலது கையைத் தூக்கவில்லை. கழுத்து நரம்பு இழுபட்டிருந்தது. மாதக்கணக்கில் அந்த அம்மை பிள்ளையின் கையைத் துணியில் சேர்த்துப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தாள். அப்புறம் கை சரியானது. அவளைக் காணும்போது நிமிர்ந்து பார்க்க எனக்குப் பல நாள் ஆனது.

அதனால் இவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வலி வந்தால் மல்லாந்தே கிடக்க வேண்டாம். நட, இடது பக்கம் ஒருக்களித்துப் படு, முட்டிபோட்டுக் கையூன்றி நில். தோள் மாட்டினால் தொடை இரண்டையும் வயிற்றோடு சேர்த்து மடக்குவோம், அடிவயிற்றில் எலும்புக்கு மேலே ஒருத்தர் அழுத்துவார், முக்காதே என்றால் முக்கக் கூடாது. கட்டிலில் படுக்கவைத்து மடக்கியும் காட்டினேன். கர்ப்பப்பை வாய் திறக்காமலோ தலை இறங்காமலோ நின்றுவிட்டால் ஆபரேஷன்தான். அதில் உன் குறை ஒன்றும் இல்லை, மக்களே, என்றேன். அப்போதுதான் அவள் பேசினாள். "அப்போ ரெண்டுக்கும் தயாரா வரணும், இல்லையா?"

எங்கள் பக்கத் தயாரிப்பு வேறு. கூடுதலாக இரண்டு பேர், பச்சிளம் குழந்தை டாக்டருக்குத் தகவல், தலை வந்த நேரத்தைச் சத்தமாகச் சொல்ல ஓர் ஆள், அழுத்துகிறவர் ஏறி நிற்கக் கட்டிலருகே ஒரு ஸ்டூல். பெரிய பிள்ளை என்றால் கர்ப்பப்பை விரிந்து, பிரசவத்துக்குப்பின் ரத்தப்போக்கு கூடலாம். கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

39-ஆம் வாரம், ஒரு மழை இரவில் வந்தாள். பெரும்பாலும் முட்டிபோட்டே வலியைத் தாங்கினாள். விடியும்முன் பிறந்தான். 3.6 கிலோ. தோளும் சிரமமில்லாமல் வந்தது. "நாலு கிலோண்ணு சொன்னது எங்கே போச்சு?" என்று மாமியார் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். சில மாதம் கழித்து, குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் குடும்பத்துப் பெண் ஒருத்தி. ஸ்கேனில் 3.6, சர்க்கரை இல்லை. யாருக்கும் கவலை இல்லை. பிறக்கும்போது தோள் மாட்டியது. ஸ்டூல் இருந்தது, ஆட்கள் ஓடி வந்தார்கள், தொடையை மடக்கினோம், எலும்புக்கு மேலே அழுத்தினோம். இரண்டு நிமிஷத்துக்குள் பிள்ளை வெளியே வந்து அழுதது. எடை 4.1. இரண்டு கையும் நன்றாக அசைந்தது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

சாயங்காலம் அவள் என்னைக் கூப்பிட்டாள். "நான் தப்பா முக்கிட்டேனா எக்கா? எல்லாரும் ஏன் என் மேல வந்து விழுந்தீங்க?"

தோள் மாட்டுகிற பிள்ளைகளில் பாதிப்பேர் 4 கிலோவுக்குக் குறைவானவர்கள் என்பது எனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் தாளில் பெரிய எண் இருந்தவளை உட்காரவைத்துப் பேசினேன், இவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று வெகுநேரம் அவள் கட்டிலோரம் இருந்து, நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

இப்போது 36 வாரத்தில் யார் வந்தாலும், ஸ்கேன் கவரைப் பிரிக்கும் முன்பே கட்டிலில் படுக்கச் சொல்லி இரண்டு தொடையையும் மடக்கிக் காட்டச் சொல்கிறேன்.