நீல வயரைக் கழற்றிப் பார்த்து ஏமாந்த கதை

நிலாவெளியில் தெரிந்த அண்ணை ஒருவருக்கு 14 அறைகள் கொண்ட தங்குவிடுதி இருக்கிறது. சீசன் தொடங்க முன்னமே, "பைபர் விழுந்தாலும் வைஃபை விழக்கூடாது தம்பி" என்று சொல்லி 4ஜி பெட்டி ஒன்றையும் வாங்கித் தந்தார். மைக்ரோடிக் ரவுட்டரில் இரண்டு டிஃபால்ட் ரூட் போட்டேன், வேறு வழி குறிக்காத எல்லாமே வெளியே போகிற வழி அது. பைபர் பக்கம் கேட்வே (அடுத்துக் கைமாற்ற வேண்டிய பெட்டியின் விலாசம்) 192.168.1.1, டிஸ்டன்ஸ் (முன்னுரிமை எண்) 1. 4ஜி பக்கம் 192.168.8.1, டிஸ்டன்ஸ் 2. பைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் ஓடுகிற நீல வயரைக் கழற்றிப் பார்த்தேன். கண் மூடித் திறக்கிறதுக்குள் 4ஜிக்கு மாறியது. அண்ணை கையில் காசும் தந்து, மீன்குழம்போடு சோறும் போட்டு அனுப்பினார்.

அந்தச் சோற்றுக்கு வட்டி கட்டினது இரண்டு மாதம் கழித்து.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்கு போன். போட் ஏற்றி வந்த லொறி ஒன்று சாம்பல்தீவுப் பக்கம் ரோட்டுக்குக் குறுக்கே போன வயரை இழுத்துக்கொண்டு போய்விட்டதாம். "நீ பூட்டின மாற்று லைன் எங்க தம்பி?" என்று கேட்டார். அதட்டிக் கேட்டிருந்தால் பரவாயில்லை, மெதுவாகத்தான் கேட்டார். திருகோணமலை டவுனிலிருந்து 15 கிலோமீற்றர் அளவு. கச்சான் காற்று முகத்தில் மண்ணை அடிக்க மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தேன்.

பைபர் பெட்டியில் சிவப்பு லைட் மின்னிக்கொண்டிருக்கிறது. ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தால் பைபர் ரூட் ஆக்டிவ்! 4ஜி ரூட் வாசலில் நிற்கிற விருந்தாளி மாதிரி சும்மா நிற்கிறது. யோசித்துப் பார்த்தால் ரவுட்டரில் பிழை இல்லை. ஒரே இலக்குக்கு இரண்டு ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதின ரூட்) இருந்தால் அது டிஸ்டன்ஸ் குறைந்ததை எடுக்கும். குறைந்தது விலக வேண்டுமென்றால் அந்த கேட்வேக்குப் போகிற போர்ட் சாக வேண்டும். போர்ட் எங்கே செத்தது? பைபர் பெட்டிக்கு கரண்ட் இருக்கிறது, நீல வயர் இருக்கிறது, வயர் அறுந்தது எங்கோ வெளியில். நான் அன்றைக்குச் செய்த சோதனை, நடக்கவே நடக்காத ஒரு பழுதுக்கான சோதனை. வகுப்பில் எந்த வகை ரூட்டுக்கு என்ன டிஸ்டன்ஸ் என்று, கனெக்டட் 0, ஸ்டாட்டிக் 1, ஓஎஸ்பிஎஃப் 110, ரிப் 120 என்று பாடமாக்கிப் பரீட்சையும் பாஸ் பண்ணினவன் நான். லைன் செத்தும் ரூட் உயிரோடு நிற்கும் என்று அங்கே ஒருத்தரும் சொல்லித் தரவில்லை.

பைபர் ரூட்டில் செக் கேட்வே என்ற இடத்தில் பிங் என்று போட்டேன், கேட்வேயை அடிக்கடி கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கிற சோதனை அது. ஒரு நிமிடம் பார்த்தேன், அசையவில்லை. அசையாதுதானே! அது பிங் பண்ணுவது 192.168.1.1ஐ. அந்தப் பெட்டி என் காலடியில் இருக்கிறது, கூப்பிட்டவுடன் பதில் சொல்லும். இதில் ஏமாறுகிற ஆட்கள் நிறையப்பேர் இருக்கிறார்கள், கவனம்.

செய்ய வேண்டியது வேறு. வெளியுலகத்து விலாசம் ஒன்றை, நான் 8.8.8.8ஐ எடுத்தேன், பைபர் வழியாக மட்டும் போகும்படி /32 ரூட்டாக (அந்த ஒரே விலாசத்துக்கு மட்டுமான ரூட்) கட்டிவிட வேண்டும். பிறகு டிஃபால்ட் ரூட்டின் கேட்வேயாக அந்த 8.8.8.8ஐயே கொடுத்து, அதற்கு பிங் செக் போட வேண்டும். பத்து செக்கனுக்கு ஒருக்கால் கேட்கும், இரண்டு தரம் பதில் இல்லையென்றால் ரூட்டை இறக்கிவிடும். இதிலும் ஒரு சிக்கல். ஒரு ரூட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு ரூட் நிற்கலாமா என்று தீர்மானிக்கிற எண் ஸ்கோப். /32 ரூட்டின் ஸ்கோப் தானாக 30 என்று நிற்கும். அதை 10 ஆக்காவிட்டால் மேலே உள்ள டிஃபால்ட் ரூட் உயிர் பெறாது. ரவுட்டர் மென்பொருளின் ஏழாம் பதிப்பில் டிஃபால்ட் ரூட்டின் டார்கெட் ஸ்கோப்பை 11 ஆக்கவும் வேண்டும். இதைக் கண்டுபிடிக்கவே முக்கால் மணித்தியாலம் போனது. பதினொரு மணிக்கு 4ஜி எழும்பியது. 1.1.1.1க்கு பிங் பண்ணினேன், பதில் வந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.

காலை ஆறரைக்கு மறுபடியும் போன். "தம்பி, சிலருக்கு வாட்ஸ்அப் போகுது, வேற ஒண்டும் திறக்குதில்லை. வெள்ளைக்காரர் ரிசெப்ஷனில கியூவில நிக்கினம்."

4ஜி கம்பனியில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, அவர்களுக்கு எடுத்தேன். தமிழுக்கு ஓர் இலக்கம், பிறகு இன்னோர் இலக்கம், பிறகு பாட்டு. அரை மணித்தியாலம் கழித்து ஒரு பிள்ளை, "உங்கட சிம்மில ஒரு பிரச்சினையும் இல்லை சேர், ஒருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கோ" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டு வைத்தேன். உண்மையில் அவள் சொன்னதுதான் சரி, சிம்மில் ஒரு பிரச்சினையும் இல்லை. அந்தப் பிள்ளை மன்னிக்க வேண்டும்.

திரும்பவும் நிலாவெளி. என் போனில் எல்லாம் திறக்கிறது, விருந்தாளிகளுக்கு இல்லை. ரிசெப்ஷன் கொம்பியூட்டரில் 1.1.1.1க்கு பிங் போகிறது, ஒரு தளமும் பெயர் சொல்லித் திறக்குதில்லை. தளத்தின் பெயருக்கு விலாசம் தேடித் தருகிற டிஎன்எஸ் என்னவென்று பார்த்தேன். 8.8.8.8. நான்தான் ஏப்ரலில் எல்லாருக்கும் கொடுத்து வைத்தது. என் போனில் வேறு டிஎன்எஸ் இருந்தபடியால் இரவு ஒன்றும் தெரியவில்லை.

நடந்தது இதுதான். டிஃபால்ட் ரூட் ஒழுங்காக 4ஜிக்கு மாறிவிட்டது. ஆனால் 8.8.8.8/32 என்று நான் கட்டின ரூட் பைபர் பக்கமே ஆக்டிவாக நிற்கிறது, அதன் கேட்வே காலடிப் பெட்டிதானே. ரவுட்டர் ஒரு பாக்கெட்டை அனுப்பும்போது முதலில் பார்ப்பது டிஸ்டன்ஸை அல்ல. எந்த ரூட் விலாசத்தோடு ஆகக் கூடப் பொருந்துகிறது என்றுதான் பார்க்கும். /32 ஒன்று இருந்தால் /0ஐ, அதாவது டிஃபால்ட் ரூட்டை, திரும்பியும் பாராது. /0இன் டிஸ்டன்ஸ் 1, /32இன் டிஸ்டன்ஸ் 200 என்றாலும் /32தான் வெல்லும். டிஸ்டன்ஸ் பேச்சே, முன்னொட்டு நீளம் (சாய்கோட்டுக்குப் பின்னால் வருகிற எண்) சரிக்குச் சரியான இரண்டு ரூட்டுக்கு நடுவில்தான். ஆக, எல்லாருடைய பெயர்க் கேள்வியும் அறுந்த பைபருக்குள் போய் விழுந்துகொண்டிருந்தது.

சோதனை விலாசத்தை 8.8.4.4க்கு மாற்றினேன். டிஎன்எஸ்ஸை 1.1.1.1 ஆக்கினேன். ஐந்து நிமிட வேலை. செக் பண்ண எடுக்கிற விலாசத்தை வேறு ஒன்றுக்கும் பாவிக்காதீர்கள். பைபர் விழுந்தால் அந்த விலாசமும் செத்ததுதான்.

திங்கட்கிழமை பைபர் வந்தது. இந்த முறை நீல வயரைத் தொடவில்லை. பெட்டிக்குப் பின்னாலே செருகியிருக்கிற பச்சைத் தலை பைபர் வயரை மெல்லக் கழற்றினேன். அதன் முனையைத் தொடவோ, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவோ கூடாது. தூசி படாமல் மூடி போட்டு வைத்தேன். சிவப்பு லைட் வந்தது. மனதுக்குள் எண்ணினேன். இருபத்திரண்டில் 4ஜி. முற்றத்துக் கதிரையில் படுத்திருந்த விருந்தாளி போனில் இருந்து தலையைக்கூட எடுக்கவில்லை. அவர் புதிதாகத் தேடித் திறந்த பக்கமும் திறந்தது. ரிசெப்ஷன் கொம்பியூட்டரில் மட்டும் முன்னரே திறந்திருந்த பக்கம் விறைத்து நின்றது. பழைய கனெக்ஷன் என்பதால், ஒருக்கால் புதுப்பிக்கச் சரிவந்தது.

தேத்தண்ணியோடு வந்த அண்ணை கேட்டார்: "மாசா மாசம் ரெண்டு பில் கட்டுறன். ரெண்டையும் ஒரேயடியாப் பாவிக்க ஏலாதோ?"

ஏலும். இரண்டுக்கும் டிஸ்டன்ஸ் ஒன்றாகப் போட்டால் கனெக்ஷன்களைப் பங்கு பிரித்து இரண்டு பக்கமும் அனுப்பும். "செய்யலாம் அண்ணை. ஆனா அப்ப பாதிப் படம் 4ஜியிலதான் ஓடும். டேட்டா மாச நடுவிலயே முடியும். பிறகு பைபர் அறுந்தா மாற ஒண்டும் இராது."

கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப இப்பிடியே கிடக்கட்டும்" என்றார். மூன்று பயணத்துக்கும் பெற்றோல் காசு கேட்கிறதா விடுகிறதா என்று யோசித்துக்கொண்டே ஹெல்மெட்டை எடுத்தேன்.